ஃப்ரீசரை மட்டும் நம்பாதே! பிளாஸ்மாவைக் காயவைத்துக் காக்க அக்காவின் டிப்ஸ்

திங்கட்கிழமை காலையில் லேபைத் திறந்ததும் முதல் வேலையாக என்ன செய்வாய்? பையை மாட்டிவிட்டு, கோட்டைப் போட்டுக்கொண்டு, வெளியே வரிசையில் நிற்பவர்களைக் கூப்பிடத் தொடங்குவாய். எனக்குத் தெரியாதா? நானும் அப்படி ஓடியவள்தான். ஒரு திங்கட்கிழமை பதினொரு மணிக்குத்தான் ஃப்ரீசரைத் திறந்தேன். டியூபெல்லாம் கல் மாதிரி உறைந்துதான் இருந்தது. ஆனால் ஸ்டாண்டை எடுத்தால், தட்டின் அடியில் தண்ணீர் தேங்கி அதுவும் ஒரு தகடாக உறைந்து கிடக்கிறது. லேபிள் மையெல்லாம் வழிந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கரன்ட் போயிருக்கிறது. உள்ளே எல்லாம் உருகி, கரன்ட் வந்ததும் திரும்ப உறைந்திருக்கிறது. கண்ணுக்கு நன்றாகத் தெரிந்த அத்தனை பிளாஸ்மாவையும் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. அதில் ஒன்று, மலையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த ஒரு அம்மாவுடையது. அவரை மறுபடி வரச் சொன்னபோது அவர் முகம் போன போக்கு இன்னும் எனக்கு மறக்கவில்லை.

அதனால்தான் சொல்கிறேன் தங்கச்சி, தம்பிகளுக்கும் சேர்த்துத்தான். சாம்பிளைக் காப்பாற்ற ஃப்ரீசர் ஒன்றுதான் வழி என்று நினைக்காதே. சில டெஸ்டுகளுக்கு, கார்டில் சொட்டுப் போட்டுக் காயவைத்தால் அறை வெப்பத்திலேயே நிற்கும். ஆனால் எல்லா டெஸ்டுக்கும் இல்லை. எதற்கு ஆகும், எதற்கு ஆகாது, எங்கே கைதவறும் என்று ஒன்றொன்றாகச் சொல்கிறேன். டீ குடித்துக்கொண்டே படி.

ஏன் காயவைத்தால் கெடுவதில்லை?

மீனைக் காப்பாற்ற நம் ஊரில் இரண்டு வழி உண்டு. ஒன்று ஐஸ், இன்னொன்று கருவாடு. கெடுக்கிற கிருமிக்கும், பிய்த்துத் தின்கிற நொதிக்கும் வேலை செய்யத் தண்ணீர் வேண்டும். பிளாஸ்மாவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர்தான். உறையவைத்தால் அந்தத் தண்ணீரைக் கட்டிப் போடுகிறாய். காயவைத்தால் வெளியே அனுப்பிவிடுகிறாய். கட்டிப் போட்டது கரன்ட் போனதும் அவிழ்ந்துகொள்ளும். வெளியே போனது திரும்ப வராது, நீயாக ஈரத்தை உள்ளே விட்டால் ஒழிய. மழைக்காலத்தில் கருவாட்டுப் பானையைத் திறந்து வைத்தால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். இந்தக் கார்டுக்கும் அதே விதிதான்.

இது ஒன்றும் நேற்று வந்த வித்தை அல்ல. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படை உலர்ந்த பிளாஸ்மாவை டப்பாவில் அடைத்து, கரைக்கத் தண்ணீர் பாட்டிலையும் கூடவே வைத்துப் போர்முனைக்கு அனுப்பியது. அது உடம்பில் ஏற்றுவதற்கு. டெஸ்டுக்கு என்று வந்தால், 1960களில் பஃபலோ நகரத்தில் ராபர்ட் கத்ரி என்ற மருத்துவர் பச்சைக் குழந்தையின் குதிகாலில் குத்தி, வடிதாளில் சொட்டு வாங்கிக் காயவைத்து, பிகேயு என்கிற பிறவிக் கோளாறைக் கண்டுபிடிக்க வழி செய்தார். இன்றைக்கு நம் நம்பிக்கை மையங்களில் ஆறு வாரக் குழந்தைக்கு எச்ஐவி பார்க்க எடுக்கிறோமே டிபிஎஸ் (உலர்ந்த ரத்தச் சொட்டு) கார்டு, அது இந்தத் தாளின் வாரிசுதான்.

கார்டை எடுக்கும் முன் டியூபைப் பார்

1. ஊதா மூடி டியூப்தான் எடு. அதில் இருப்பது ஈடிடிஏ. அவசரத்தில் பச்சை மூடி ஹெப்பாரின் டியூபில் எடுத்துவிட்டு "பிளாஸ்மாதானே அக்கா" என்று வராதே. ஹெப்பாரின் பிசிஆர் வேலையைக் கெடுக்கும்.

2. ரத்தம் விழுந்ததும் டியூபை மெதுவாக எட்டுப் பத்துத் தடவை கவிழ்த்து நிமிர்த்து. மோர் கலக்குகிற மாதிரி குலுக்காதே. குலுக்கினால் செல் உடையும், பிளாஸ்மா ரோஜா நிறத்தில் வரும்.

3. எடுத்த நேரத்தை டியூபிலேயே எழுது. நினைவில் வைத்துக்கொள்வேன் என்பதெல்லாம் ஐம்பது பேர் வரிசையில் நிற்கும்போது நடக்காது. ரத்தத்தில் எச்ஐவி எவ்வளவு இருக்கிறது என்று எண்ணுகிற வைரல் லோட் கிட்டுகளில் சிலது, வெளியே வைத்த ரத்தத்தை ஆறு மணி நேரத்துக்குள் பிரிக்கச் சொல்லும். சிலது 24 மணி நேரம் வரை விடும். உன் லேபில் இருக்கிற கிட்டோடு வருகிற தாளைப் படித்து, அந்த ஒரு எண்ணை மட்டும் பெரிய எழுத்தில் எழுதி சென்ட்ரிஃபியூஜ் மூடியில் ஒட்டிவிடு. பாதி தப்பு அன்றைக்கே நின்றுவிடும்.

4. பிரிக்காத ரத்தத்தை எந்தக் காலத்திலும் ஃப்ரீசரில் வைக்காதே. சிவப்பணு எல்லாம் வெடித்துவிடும், அதிலிருந்து பிளாஸ்மா கிடைக்காது.

5. சுற்றி முடிந்ததும் மேலே வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா, கீழே சிவப்பு, நடுவில் மெல்லிய வெள்ளைக் கோடு. அந்தக் கோட்டுக்கு அரை சென்டிமீட்டர் மேலேயே பைப்பெட்டை நிறுத்து. "இன்னும் கொஞ்சம் வருமே" என்று ஆசைப்படாதே. அந்தக் கோடு முழுக்க வெள்ளையணு. எச்ஐவி தன் டிஎன்ஏவை ஒளித்து வைத்திருக்கும் இடமே அதுதான். அதையும் சேர்த்து இழுத்தால், மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறவருக்கும் வைரஸ் இருப்பதாக எண்ணிக்கை ஏறலாம்.

எந்தக் கார்டு, எதற்கு?

இங்கேதான் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் குழம்புகிறார்கள். மூன்று வகை என்று வைத்துக்கொள்.

முதலாவது, முழு ரத்தச் சொட்டு. வாட்மேன் 903 மாதிரித் தாளில் ஐந்து வட்டம் இருக்கும். சென்ட்ரிஃபியூஜ் வேண்டாம், நரம்பில் குத்தவும் வேண்டாம். குதிகாலிலோ விரல் நுனியிலோ எடுத்தால் போதும். குழந்தைக்கு எச்ஐவி இருக்கிறதா இல்லையா என்ற கேள்விக்கு இதுவே பொருத்தம். ஏனென்றால் அந்த டெஸ்டுக்குச் செல்லுக்குள் இருக்கிற டிஎன்ஏவும் வேண்டும்.

இரண்டாவது, பிளாஸ்மாச் சொட்டு. நீ பிரித்தெடுத்த பிளாஸ்மாவை அதே மாதிரித் தாளில் பைப்பெட்டால் விடுவது. இதில் செல் கிடையாது, அதனால் டிஎன்ஏ குழப்பம் இல்லை. ரத்தசோகை உள்ளவரின் நீர்த்த ரத்தம் தாளில் அதிகம் பரவும், பச்சைக் குழந்தையின் கெட்டியான ரத்தம் குறைவாகப் பரவும். அந்தத் தொல்லையும் பிளாஸ்மாவில் இல்லை. ஒரே குறை, சென்ட்ரிஃபியூஜும் கரன்டும் வேண்டும். ஃப்ரீசர் இல்லாத, ஆனால் சென்ட்ரிஃபியூஜ் இருக்கிற லேபுக்கு இது சரியான துணை.

மூன்றாவது, கார்டே பிளாஸ்மாவைப் பிரித்துக்கொள்வது. ரோஷ் கம்பெனியின் பிளாஸ்மா செப்பரேஷன் கார்டு இப்படிப்பட்டது. ஒரு வட்டத்துக்கு 140 மைக்ரோலிட்டர் ரத்தம் விட வேண்டும். மேலே இருக்கிற சவ்வில் செல்கள் சிக்கிக்கொள்ளும், பிளாஸ்மா மட்டும் கீழே இறங்கும். அங்கே ஆர்என்ஏவைக் காக்கிற மருந்து ஏற்கெனவே ஊறியிருக்கும். டெஸ்ட் செய்கிற லேபில் மேல் சவ்வை உரித்துப் போட்டுவிட்டு அடிப்பாகத்தை எடுப்பார்கள். கையில் கிடைத்தால் நல்லது. விலையைப் பார்த்துத்தான் வாங்க முடியும், அது உண்மை.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. இதைப் புரிந்துகொண்டால் கார்டின் பலமும் பலவீனமும் தெளிவாகிவிடும். 903 தாளின் ஒரு வட்டத்தில் 75 மைக்ரோலிட்டர் ரத்தம் விடுகிறாய். அதில் பிளாஸ்மா ஏறக்குறைய 40 மைக்ரோலிட்டர். ஒரு மில்லிலிட்டர் என்பது 1000 மைக்ரோலிட்டர். ஆக, உன் வட்டத்தில் இருப்பது ஒரு மில்லிலிட்டரில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. நோயாளிக்கு மில்லிலிட்டருக்கு 1000 வைரஸ் இருந்தால் வட்டத்தில் விழுவது 40. அதை மெஷின் பிடித்துவிடும். 50தான் இருக்கிறது என்றால் விழுவது வெறும் 2. எந்த மெஷின் அதை நிச்சயமாகப் பிடிக்கும்? உலக சுகாதார நிறுவனம் கார்டில் எடுக்கும் வைரல் லோடுக்கு 1000 என்ற எல்லைக் கோட்டை வைத்திருப்பது இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது. மருந்து வேலை செய்யவில்லையோ என்ற சந்தேகத்துக்குக் கார்டு பதில் சொல்லும். வைரஸ் சுத்தமாக அடங்கி 50க்குக் கீழே போய்விட்டதா என்று கேட்டால் சொல்லாது. அதற்கு டியூப் பிளாஸ்மாதான்.

இன்னொன்று, இதை மட்டும் மறக்காதே. கார்டில் எடுக்கும் முன் வாங்குகிற லேபுக்கு போன் போடு. "கார்டை ஏற்றுக்கொள்வீர்களா, எந்தக் கார்டு, எத்தனை வட்டம்" என்று மூன்று கேள்வி. அவர்கள் டியூபாகத்தான் கேட்கிறார்கள் என்றால் டியூபாகத்தான் அனுப்ப வேண்டும். உன் வசதிக்காக நீயாக முறையை மாற்ற முடியாது. புதிதாகக் கார்டுக்கு மாறுகிற லேப் என்றால், அதே நோயாளியின் உறைந்த பிளாஸ்மாவையும் கார்டையும் கொஞ்ச நாள் சேர்த்தே போட்டு, இரண்டு ரிசல்டும் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகுதான் ஃப்ரீசரை விட வேண்டும்.

சொட்டுப் போடும்போது

6. குழந்தையின் பாதம் ஜில்லென்று இருந்தால் குத்தாதே. வெதுவெதுப்பான ஈரத்துணியால் மூன்று முதல் ஐந்து நிமிடம் சுற்றி வை. அம்மா தோளில் நிமிர்த்திப் பிடிக்கட்டும், கால் கீழே தொங்கட்டும். ரத்தம் தானாக இறங்கும்.

7. குதிகாலின் ஓரத்தில் குத்து. நடுவிலோ பின் வளைவிலோ வேண்டாம், எலும்பு பக்கத்தில் இருக்கிறது. ஸ்பிரிட் முழுக்கக் காய்ந்த பிறகே லான்செட். முதல் சொட்டைத் துடைத்துவிடு.

8. மாட்டு மடியைப் பிடிப்பது போலப் பிதுக்காதே. பிதுக்கினால் சதை நீரும் சேர்ந்து வரும், செல்லும் உடையும். வரவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் சூடாக்கு. குழந்தை அழுவதைப் பார்த்து நீ பதறினால் அம்மா இன்னும் பதறுவார்.

9. ஒரு வட்டத்துக்கு ஒரே சொட்டு, பெரிய சொட்டு. பாதி நிறைந்த வட்டத்தின் மேல் இன்னொரு சொட்டை வைத்து ஒட்டுப் போடாதே. பின்பக்கத்திலிருந்தும் விடாதே. சரியாக விழுந்தால் தாளின் மறுபக்கமும் அதே அளவுக்கு நனைந்திருக்கும். பைப்பெட்டால் விடும்போது முனையால் தாளைக் கீறாதே.

10. வட்டத்தை விரலால் தொடவே கூடாது. கையுறை போட்டிருந்தாலும் பவுடர் இல்லாத கையுறை. நம் தோலிலேயே ஆர்என்ஏவைத் தின்கிற நொதி இருக்கிறது.

11. பெயர், எண், தேதி எல்லாம் சொட்டுப் போடும் முன்பே எழுதி முடி. பிளாஸ்மாச் சொட்டு என்றால் இன்னும் கவனம். ரத்தம் சிவப்பாகத் தெரியும், பிளாஸ்மா காய்ந்தால் மங்கிய மஞ்சள்தான், சில சமயம் கண்ணுக்கே தெரியாது. விட்டாயா இல்லையா என்று மறந்து அதே வட்டத்தில் இன்னொரு தடவை விடுவாய். ஒவ்வொரு வட்டத்திலும் விட்ட உடனே அதன் பக்கத்தில், வட்டத்துக்கு வெளியே, பென்சிலால் ஒரு டிக்.

காயவைப்பது: இங்கேதான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள்

கார்டு ரிஜெக்ட் ஆகி வந்தால், எல்லாமே குத்துவதில் வந்த தப்பாக இருக்காது, காயவைத்ததில் வந்த தப்பும் இருக்கும். காரணம் எளிது. குத்தும்போது நம் கவனம் முழுக்க அங்கே இருக்கும். குத்தி முடிந்ததும் "ஆயிற்று" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவோம். கார்டு எங்கேயோ ஒரு மேஜை ஓரத்தில் கிடக்கும்.

12. படுக்கை வசமாக, அந்தரத்தில் காயட்டும். கார்டு ஸ்டாண்ட் இருந்தால் அதில் செருகு. வட்டத்தின் அடிப்பாகம் எதிலும் படக் கூடாது. மேஜை மேலேயே வைத்தால் ரத்தம் அடியில் ஊறி ஒட்டிக்கொள்ளும். செங்குத்தாகச் சாய்த்து வைத்தால் ஒரு பக்கம் கெட்டியாக, ஒரு பக்கம் வெளிறிப் போகும். ஒரு கார்டின் வட்டம் இன்னொரு கார்டில் பட்டால் இரண்டும் வீண்.

13. குறைந்தது மூன்று நான்கு மணி நேரம். இது காய்ந்த ஊருக்கான கணக்கு. சென்னை, நாகை, தூத்துக்குடி மாதிரிக் கடலோரமா? ஐப்பசி கார்த்திகை அடைமழையா? ராத்திரி முழுக்க விடு. சாயங்காலம் நாலு மணிக்கு எடுத்த கார்டை ஐந்து மணி கூரியருக்குத் திணிக்கிற வேலையே வேண்டாம். நாளைக்குப் போனால் ஒன்றும் குடிமுழுகாது. ஈரமாகப் போனால் அந்தக் குழந்தைக்கு மறுபடி குத்த வேண்டும்.

14. வெயிலில் வைக்காதே! வடகம் பிழிந்து மொட்டை மாடியில் காயவைத்துப் பழகிய கை நமக்கு, தெரியும். ஆனால் வெயிலின் சூடும் ஒளியும் நமக்கு வேண்டிய ஆர்என்ஏவையும் டிஎன்ஏவையும் சிதைத்துவிடும். ஹேர் டிரையர், ஹாட் ஏர் அவன், ஆட்டோகிளேவ் பக்கத்து மேடை, ஃப்ரிட்ஜின் பின்பக்கச் சூடு எதுவும் வேண்டாம். டேபிள் ஃபேனை நேராகத் திருப்பி வைப்பதும் வேண்டாம், தூசியும் வரும், கார்டும் பறக்கும். நிழலான, சுத்தமான, கூட்டம் வராத அறை போதும்.

15. பிளீச் கரைசல் கலக்குகிற இடத்துக்கும் கொசு மருந்து அடிக்கிற இடத்துக்கும் பக்கத்தில் வைக்காதே. எறும்பு வருகிறதா? மருந்து அடிப்பதற்குப் பதில் மேஜைக் காலைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்து. பாட்டி காலத்து வழிதான், இன்றைக்கும் வேலை செய்கிறது.

காய்ந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? தொட்டுப் பார்க்க முடியாதே. நான் செய்கிற வழி இது. முழு ரத்தச் சொட்டு விழுந்ததும் பளிச்சென்ற சிவப்பு. ஒரு மணி நேரத்தில் ஓரம் கறுக்கத் தொடங்கும், நடுவில் மட்டும் ஈரமாக ஒரு பளபளப்பு நிற்கும். அந்தப் பளபளப்பு சுருங்கிச் சுருங்கி ஒரு மிளகு அளவுக்கு வந்து கடைசியில்தான் மறையும். செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் பார். எங்கேயாவது மினுங்கினால் இன்னும் ஈரம். வட்டம் முழுக்க ஒரே மாதிரி, மினுக்கம் இல்லாத பழுப்பாக மாறியிருந்தால் சரி. பிறகு திருப்பிப் பின்பக்கமும் பார். பின்பக்கம்தான் கடைசியில் காயும். பிளாஸ்மாச் சொட்டில் இந்த நிற மாற்றம் இருக்காது, அங்கே நேரக் கணக்கு ஒன்றையே நம்பு.

அடைத்து வைப்பது

16. ஒவ்வொரு கார்டையும் கண்ணாடிக் காகிதத்தில் மூடி, ஒரு நோயாளிக்கு ஒரு ஜிப்லாக் கவர். கவருக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு மூன்று, ஈரம் காட்டுகிற அட்டை ஒன்று. காற்றை அழுத்தி வெளியேற்றிவிட்டு மூடு.

17. அட்டையில் உள்ள புள்ளி நீலமாக இருந்தால் நிம்மதி. ரோஜா நிறமாக மாறினால் சிலிக்கா ஜெல்லை உடனே மாற்று. "பரவாயில்லை, நாளைக்குப் பார்ப்போம்" கிடையாது. வெறும் சூட்டைக் கார்டு ஓரளவு தாங்கும். சூடும் ஈரமும் சேர்ந்தால் தாங்காது. அதனால் வண்டிப் பெட்டியிலும் கார் கண்ணாடி ஓரத்திலும் கவரை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதே, சித்திரை வெயிலில் உள்ளே அடுப்பு மாதிரி இருக்கும்.

18. சிலிக்கா ஜெல் டப்பாவைத் திறந்தே வைத்திருக்கிறாயா? அப்படியானால் அது ஏற்கெனவே லேபில் இருக்கிற ஈரத்தை எல்லாம் குடித்து முடித்திருக்கும். சின்னச் சின்னப் பாக்கெட்டாக வாங்கி, தேவைக்கு மட்டும் பிரி.

19. எத்தனை நாள் வைக்கலாம்? டிஎன்ஏ கெட்டி ஆள், ஆர்என்ஏ பூ மாதிரி. வைரல் லோடுக்கோ மருந்து எதிர்ப்பு டெஸ்டுக்கோ சாதாரணத் தாளில் எடுத்தது என்றால் இரண்டு வாரத்துக்குள் லேபுக்குப் போய்ச் சேரட்டும். அதற்கு மேல் வைக்க வேண்டுமென்றால் காய்ந்த கார்டையே சிலிக்கா ஜெல்லோடு உறையவைக்க வேண்டும். உறைந்த கவரை வெளியே எடுத்ததும் திறக்காதே. அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திற, இல்லையென்றால் கார்டின் மேல் வியர்த்துக்கொள்ளும்.

20. காய்ந்த ரத்தம் என்று அலட்சியம் வேண்டாம். மஞ்சள் காமாலை பி வைரஸ் காய்ந்த ரத்தத்தில் அறை வெப்பத்திலேயே ஏழு நாளாவது உயிரோடு இருக்கும். கையுறை கடைசி வரை இருக்கட்டும். லான்செட் வெள்ளை நிறக் கெட்டி டப்பாவுக்கு, ரத்தப் பஞ்சு மஞ்சள் பைக்கு.

அனுப்புவதில்தான் இந்த முறையின் பெரிய லாபம். உறைந்த டியூபை அனுப்ப மைனஸ் 78 டிகிரி டிரை ஐஸ், தெர்மாகோல் பெட்டி, அது கரைவதற்குள் ஓடுகிற வண்டி எல்லாம் வேண்டும். நன்றாகக் காய்ந்த கார்டு கெட்டியான கவரில் கூரியரில் போய்விடும்.

இவற்றை அறை வெப்பத்தில் விட்டுவிடாதே

கார்டு நல்லது என்று சொன்னேன் என்பதற்காக எல்லாச் சாம்பிளையும் மேஜை மேல் பரப்பிவிடாதே. சர்க்கரை டெஸ்டுக்கு எடுத்த ரத்தத்தைப் பிரிக்காமல் வெளியே விட்டால் மணிக்கு ஐந்து முதல் ஏழு சதவீதம் சர்க்கரை குறைந்துகொண்டே போகும், செல்கள் தின்றுவிடும். அமோனியாவுக்கு எடுத்தால் உடனே ஐஸில் வைத்து ஓடு. ரத்தம் உறையும் நேரம் பார்க்கிற நீல மூடி டியூபில் ஏபிடிடி என்றால் நான்கு மணி நேரம்தான் கெடு. பிலிருபினுக்கு வெளிச்சம் ஆகாது. பொட்டாசியம் மட்டும் தலைகீழ்: பிரிக்காத ரத்தத்தை ஃப்ரிட்ஜில் வைத்தால் செல்லிலிருந்து பொட்டாசியம் கசிந்து பொய்யாக ஏறிக் காட்டும். அது வெளியேதான் இருக்க வேண்டும், ஆனால் சீக்கிரம் பிரிக்க வேண்டும்.

ஃப்ரீசர்தான் வேண்டும் என்றால்

சில டெஸ்டுக்கு ஃப்ரீசரை விட முடியாது. அதற்கு நாலே சொல்.

பிளாஸ்மாவைப் பெரிய டியூபில் மொத்தமாக உறையவைக்காதே. சின்னச் சின்ன வயலில் பிரித்து வை. ஒரு டெஸ்டுக்காக ஒன்றை உருக்கினால் மற்றவை உறக்கம் கலையாமல் இருக்கும். ஜெல் டியூபில் சுற்றினாயா? அந்த டியூபோடு உறையவைக்காதே, வைரல் லோட் கூட்டிக் காட்டும். உருகிய பிளாஸ்மாவில் நூல் நூலாகத் தெரிந்தால் ஒரு சுற்று சுற்றிவிட்டு மேலே இருப்பதை எடு, அந்த நூல் பைப்பெட்டை அடைத்துவிடும்.

நாலாவது, வீட்டு ஃப்ரிட்ஜ் மாதிரி தானாகவே பனியை உருக்கிக்கொள்கிற ஃப்ரீசரை லேபுக்கு வாங்காதே. பனியை உருக்க அவ்வப்போது சூடேற்றும், சாம்பிள் சத்தமில்லாமல் நைந்துபோகும்.

கரன்ட் போனதா இல்லையா என்று தெரிந்துகொள்ள ஒரு ரூபாய் போதும். ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றி உறையவை. நன்றாக உறைந்ததும் மேலே ஒரு நாணயத்தை வைத்து ஃப்ரீசரிலேயே விட்டுவிடு. லீவு முடிந்து வந்து பார். நாணயம் மேலேயே இருந்தால் தப்பித்தாய். உள்ளே இறங்கி உறைந்திருந்தால் நடுவில் எல்லாம் உருகியிருக்கிறது. மாதா மாதம் பராமரிப்புக்காகக் கரன்டை நிறுத்துகிற நாளுக்கு இது போதும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டைப் பக்கம் பல கிராமங்களில் நாள் கணக்கில் கரன்ட் இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் எந்த ஃப்ரீசரையும் நம்ப முடியாது. புயல் எச்சரிக்கை வந்ததும், கார்டில் போட முடிந்த சாம்பிளை முதல் நாளே கார்டில் போட்டுக் காயவைத்துவிடு.

ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்று கேட்டால் ஒரே ஒரு ஆராய்ச்சியைச் சொல்வேன். எச்ஐவி உள்ள பச்சைக் குழந்தைகளுக்கு மருந்தைத் தள்ளிப்போடாமல் உடனே தொடங்கியதில் இறப்பு 76 சதவீதம் குறைந்தது என்று தென்னாப்பிரிக்காவில் நடந்த ஆராய்ச்சி 2008இல் சொன்னது. அம்மாவின் எதிர்ப்புப் பொருள் குழந்தை உடம்பில் 18 மாதம் வரைகூட இருக்கும், அதனால் சாதாரண ஆன்டிபாடி டெஸ்ட் அந்த வயதில் கைகொடுக்காது. கார்டில் விழுகிற அந்தச் சொட்டுதான் மருந்தைத் தொடங்கச் சொல்லும். கார்டு ரிஜெக்ட் ஆனால், அந்த அம்மாவைத் தேடிப் பிடித்து, கூலி வேலையை விட்டு மறுபடி வரவைத்து, மறுபடி குத்தி, மறுபடி காத்திருக்க வேண்டும். வாரக் கணக்கில் போய்விடும். சில அம்மாக்கள் திரும்பி வருவதே இல்லை.

ஆகையால் கூரியர்காரர் வாசலில் நின்று அவசரப்படுத்தினாலும், அவரை இரண்டு நிமிடம் உட்காரச் சொல். கவரை மூடும் முன் ஒவ்வொரு கார்டையும் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்துவிடு.